அணையும் மீனும்: டாக்டர் பிரான்சிஸ் டேயின் சரிதம்

நம் சங்க மலரில் அறிஞர் வரலாறு எழுதப் புகுவோர் இராமானுஜத்தையோ சர் சி. வி. இராமனையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் மீன்களை ஆராய்ந்த ஓர் ஆங்கில வைத்தியரை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும்போது அணைக்கரைப் பாலத்தைப் பேருந்தில் பன்முறை கடந்திருக்கிறேன். கீழே கொள்ளிடம் நுரைத்து விழும் அழகைக் கண்டு களித்திருக்கிறேன். அந்த அணை ஒரு மீனினத்துக்கு அடைத்த கதவு என்பதை அன்று நான் அறிந்திலேன். விலங்கியல் பயில டில்லிக்கு வந்து, நூலகத்தில் டாக்டர் பிரான்சிஸ் டேயின் நூல்களைப் புரட்டிய பின்னரே அறிந்தேன். அவருடைய பெருநூலில் மீன்களின் இலத்தீன் பெயர்களோடு தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களும் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. கொடுவா என்ற பெயரை அங்கே கண்டபோது, வெளியூரில் நம் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டாற்போல இருந்தது.

பிரான்சிஸ் டே 1829-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த மேர்ஸ்பீல்டு என்னும் ஊரில், நிலபுலம் உடைய குடும்பத்தில் பிறந்தார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் வைத்தியம் கற்றார். 1852-இல் சென்னை இராணுவத்தில் உதவி வைத்தியராக உத்தியோகம் ஏற்று நம் நாட்டுக்கு வந்தார். அக்காலத்தில் இராணுவ வைத்தியர்களே இயற்கை ஆராய்ச்சியாளர்களாகவும் இருந்தார்கள். விசாகப்பட்டினத்து மீன்களை விவரித்த பாட்ரிக் ரஸ்ஸலும், கங்கை மீன்களை விவரித்த பிரான்சிஸ் ஹாமில்டனும் வைத்தியர்களே. டே அந்த மரபில் வந்தவர்.

1859 முதல் அவர் கொச்சியில் பணியாற்றினார். கடலும் காயலும் ஆறும் கைகோத்துக் கிடக்கும் அந்நாடு மீன் ஆராய்ச்சிக்கு ஏற்ற இடம். வலைகளில் விழுவனவற்றை வாங்கி, அளந்து, படம் வரைந்து, சாராயத்தில் இட்டுப் பாதுகாத்தார். கொச்சி நாட்டைப்பற்றிய அவருடைய நூல் 1863-இலும், மலையாளக் கரை மீன்களைப்பற்றிய நூல் 1865-இலும் வெளிவந்தன. 1860-களில் இங்கிலாந்தின் டிரௌட் மீனை நீலகிரி ஓடைகளில் வளர்க்க எண்ணி, அதன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவர முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. நீலகிரியில் டிரௌட் நிலைபெற்றது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதை நிறைவேற்றியவர் வேறொருவர்.

டேயின் வாழ்வில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது அணைக்கட்டு ஒன்றைப்பற்றிய வினா. அவ்வினாவின் பொருள் விளங்க, உல்லம் மீனின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். வங்காளிகள் இலிஷ் என்றும் மற்றையோர் ஹில்சா என்றும் கொண்டாடும் மீன் இதுவே. இது கடலிலும் முகத்துவாரத்திலும் வளர்வது. ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் கூட்டம் கூட்டமாகக் கடலை விட்டு ஆற்றுக்குள் நுழைந்து, வெள்ளத்தை எதிர்த்து நெடுந்தூரம் சென்று முட்டையிடும். குஞ்சுகள் நன்னீரில் சில காலம் வளர்ந்து மீண்டும் கடலுக்கு இறங்கும். ஆகவே கடலோரத்துப் பரதவர் வலையில் விழும் உல்லம், ஆற்றின் உள்நாட்டுப் பகுதியில் பிறந்தது. ஆற்றின் வழியை மறித்தால் கடலோரத்து மீன்வளமும் குறையும். இன்று இது பாடநூலில் உள்ள செய்தி. அன்று இது சர்க்காரின் கோப்புகளில் இருந்த ஐயம்.

அந்த ஐயத்தை எழுப்பியவர் யார் என்பதே வியப்புக்குரியது. 1867-இல் அதை எழுப்பியவர் சர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் 1836 அளவில் மேலணையும் கீழணையும், பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையும் கட்டிய அதே பொறியாளர்தாம். தஞ்சை ஜில்லாவின் வயல்களை வாழ்வித்தவர் என்று நம் உழவர்கள் அவரை இன்றும் நினைக்கிறார்கள். இனப்பெருக்கத்துக்கு மேலேறும் மீன்களைத் தம் அணைகள் தடுக்கின்றனவோ, அதனால் கடற்கரை மீன்பிடிப்பு நலிகின்றதோ என்று அவரே வினவினார். தாம் செய்த பெரும்பணியின் குறையைத் தாமே கேட்கும் மனம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. சென்னை சர்க்கார் அவ்வினாவை ஆராயும் பொறுப்பை டாக்டர் டேயிடம் ஒப்படைத்தது.

டே ஆறுகளை நேரில் சென்று கண்டார். அணைக்கட்டுகளின் அடியில் என்ன நிகழ்கிறது என்பதைக் கவனித்தார். மேலேற முடியாமல் சினை மீன்கள் சுவரின் கீழ்க் குவிந்து கிடந்தன. குவிந்த இடத்தில் பிடிப்பது எளிது. வலையும் பறியும் அங்கேதான் கூடின. முட்டையிடுமுன்னே தாய் மீன்கள் கரையேறின. மேலே தப்பிச் சென்றவற்றின் குஞ்சுகளோ வாய்க்கால் வழியே வயல்களுக்குள் புகுந்து, வயலின் மடைகளில் வைத்த பறிகளில் சிக்கின. நீர்ப்பாசனம் பெருகப் பெருக மீன் இரு வழியிலும் இழந்தது.

1871-இல் அவர் இந்தியா முழுவதற்கும் மீன்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமனம் பெற்றார். இந்தியாவிலும் பர்மாவிலும் சுற்றினார். தாம் போக முடியாத இடங்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பினார். கலெக்டர்களும் தாசில்தார்களும் பதில் எழுதினார்கள். மீனவர் எத்தனை பேர், சந்தைக்கு மீன் போதுமா, வலைக்கண் எவ்வளவு சிறிது, குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா என்பன போன்ற கேள்விகள் அவை. புள்ளிவிவரம் சேகரிக்கும் கலை வளராத காலத்தில் ஒருவர் செய்யத்தக்க மிகச் சிறந்த முயற்சி இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

நன்னீர் மீன்களைப்பற்றி ஒன்றும் கடல் மீன்களைப்பற்றி ஒன்றுமாக இரண்டு அறிக்கைகள் 1873-இல் கல்கத்தாவில் வெளிவந்தன. அணைகளில் மீன் ஏறிச்செல்ல வழி விடவேண்டும். வலைக்கண்ணுக்கு ஒரு குறைந்த அளவு வேண்டும். நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதை நிறுத்தவேண்டும். குஞ்சுகளை அழிக்கும் பொறிகளை நீக்கவேண்டும் என்பன அவர் கருத்துகள். கடற்கரையில் உப்பு வரியின் சுமையால் மீனைப் பதனிட முடியாமல் மீனவர் படும் துன்பத்தையும் எடுத்துரைத்தார். பின்னர்ச் சென்னை இராஜதானியின் கடற்கரையில் மலிவான உப்பு வழங்கும் மீன் பதனிடும் களங்கள் ஏற்பட்டன. அவ்வாண்டு அவர் சொந்த வாழ்வில் துயர் நிறைந்த ஆண்டு. முதல் மனைவி 1869-இல் இறந்தார். மறுமணம் செய்துகொண்ட மனைவியும் 1873-இல் இறந்தார்.

அறிக்கைகளுக்கு எதிர்ப்பு எழுந்தது. மீனவர் ஏழைகள், வலைக்குக் கட்டுப்பாடு வைத்தால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும் என்று அதிகாரிகள் சிலர் கூறினர். இவ்விடத்தில் டேயின் பக்கமே முழு நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். மடையில் பறி வைத்துச் சிறு மீன் பிடிப்பவனுக்கு அன்றைய குழம்பு அதுதான். அவர் அதை வீணழிவு என்று கணக்கிட்டார். அந்த வீட்டில் அது உணவு. எனினும் அவர் ஏழையின் பறியை மட்டும் குறை கூறவில்லை. சர்க்காரின் அணையையும் அதே அறிக்கையில் குறை கூறினார். இதை நாம் மறக்கலாகாது.

சட்டம் இயற்றியவர்கள் இதை மறந்தார்கள் என்றே தோன்றுகிறது. இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் பிறந்தது. அப்போது டே இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதை அச்சட்டம் குற்றமாக்கியது. வலைக்கும் பொறிக்கும் விதிகள் செய்ய மாகாணங்களுக்கு அதிகாரம் தந்தது. நல்லதே. ஆனால் பாசன அணைகளில் மீனுக்கு வழி அமைத்தே ஆகவேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. வலை வைத்திருப்பவனைத் தடுப்பது எளிது. அணை வைத்திருப்பவனைத் தடுப்பது அரிது.

டே ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றபின் தம் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. இந்திய மீன்கள் என்னும் நூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஏறக்குறைய 200 படத்தகடுகள் உடையது அது. பிறகு பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் இரண்டு தொகுதிகள் எழுதினார். 1889-இல் வெளிவந்த அவற்றில் 1,400-க்கு மேற்பட்ட மீனினங்கள் இடம்பெற்றன. இன்றும் நம் கடற்கரையில் ஒரு மீனை இனங்காண விரும்புவோர் அந்நூல்களைத் தேடுகிறார்கள். லண்டன் அருங்காட்சியகத்தின் மீனியல் அறிஞர் ஆல்பர்ட் குந்தரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அதனால் அவர் சேகரித்த மீன்களில் பெரும்பகுதி 1883-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விலைக்குப் போயிற்று. நம் ஆறுகளில் பிடித்த மீன்களைக் காண நாம் சிட்னிக்குப் போகவேண்டிய நிலை இருவர் பூசலால் வந்தது. 1889-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் செல்டன்ஹாம் நகரில் புற்றுநோயால் டே காலமானார்.

அவருக்குப் பின் நடந்ததையும் சொல்லவேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் கீழணையில் மீன் ஏணி ஒன்று கட்டினார்கள். மேல்நாட்டுச் சால்மன் மீன் துள்ளிப் படியேறும். உல்லம் துள்ளும் இனமன்று. ஏணி இருந்தும் அது ஏறவில்லை. மீனின் இயல்பை அறியாமல் அதற்குக் கட்டிய வழி வழியாகாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. கொள்ளிடத்தில் உல்லத்தை அழைத்துவந்த பெருவெள்ளம் தணிந்தது, மீன்பிடிப்பும் தேய்ந்தது. வடக்கிலும் இதே கதைதான். கடலிலிருந்து கங்கை வழியாக ஆக்ராவுக்கும், ஏன், இந்த டில்லிக்கும் ஹில்சா வந்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. டே இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்த 1874-இல் யமுனையில் ஓக்லா அணை செயற்படத் தொடங்கியது. 1975-இல் கங்கையில் பராக்கா அணை செயற்பட்டபின் மேல்நாட்டு ஹில்சா பெரும்பாலும் மறைந்தது. இன்று பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஹில்சாவுக்கு அடையாள வில்லை பொருத்திப் பராக்காவுக்கு மேலே விட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். டே கேட்ட கேள்விக்கு இன்னும் விடை தேடுகிறார்கள் என்றே இதற்குப் பொருள்.

அணைகள் வேண்டா என்று நான் சொல்ல வரவில்லை. அணைக்கட்டு நீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தவன் நான். அதை இகழும் தகுதி எனக்கில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் பெருகட்டும் என்று மீனவர் இரண்டு மாத வருவாயை விட்டுக்கொடுக்கிறார்கள். அணைக்கு உரியவர் அதே மீனுக்காகச் சில நாள் வெள்ளத்தையாவது விட்டுக்கொடுக்கலாகாதா என்று கேட்பது தவறாகாது. காட்டன் கேட்டார், டே விடை தேடினார். ஒருவர் பொறியாளர், ஒருவர் வைத்தியர். பொறியியல் பயிலும் நண்பர்களும் விலங்கியல் பயிலும் நாங்களும் ஒரே விடுதியில் உண்கிறோம். இக்கேள்வியை அடுத்த முறை ஒன்றாக அமர்ந்து பேசுவோமாக.