பதினான்கு அடிகளில் ஓர் இனத்தின் மானம்

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில் உழவர் குடியொன்றிற் பிறந்தவர் கவிஞர் குளோட் மக்கே. ஆசிரியராயிருந்த தமையனாரின் நூல்களே இளமையில் அவரது அறிவுப்பசியைத் தணித்தன. 1912இல் அவருடைய முதற் கவிதைத் தொகுதிகள் இரண்டு வெளிவந்தன. தீவின் பாமரர் பேசும் வாய்மொழியிலேயே அவற்றை அவர் ஆக்கியிருந்தார். அவ்வாண்டே உழவியல் கற்க அமெரிக்கா சென்றார். தாயகத்திற் கறுப்பின மக்களே பெரும்பான்மையினராதலால், நிறவெறியின் முழுக் கொடுமையை அதுவரை அவர் கண்டிலர்.

பின்னர், கல்வியைக் கைவிட்டு நியூயோர்க்கை அடைந்த கவிஞர், வயிற்றுப்பாட்டுக்காகப் புகையிரத உணவு வண்டியிற் பரிசாரகரானார். 1919ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாட்டு நகரங்கள் பலவற்றில் இனக்கலவரம் மூண்டது. உடன் பணியாற்றியோரும் அவரும் ஊர்தோறும் அஞ்சி அஞ்சியே இறங்கினர்.

அச்சூழலிற் பிறந்ததே ‘இஃப் வீ மஸ்ட் டை’ என்னும் பாடல். அவ்வாண்டு யூலை மாத ‘லிபரேற்றர்’ இதழில் அது வெளிவந்தது. அம்மாத இறுதியிற் சிக்காகோ நகரில் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பர்.

சாவு நேரினும் எதிர்த்து நின்று மானத்தோடு மாளுதல் வேண்டும் என்பதே பாடலின் உட்கிடை. அதற்கு அவர் தேர்ந்த வடிவமோ, சேக்ஸ்பியர் காதலைப் பாடிய ‘சொனெற்’ என்னும் பதினான்கடி யாப்பு. கட்டுக்கோப்பான அவ்வடிவம் கவிஞரின் சினத்துக்குக் கரையாயமைந்து, அதன் வேகத்தை மிகுவித்தது. கறுப்பர், வெள்ளையர் என்னும் சொற்கள் பாடலில் ஓரிடத்தும் இல்லை. ஆதலின், ஒடுக்கப்பட்டோர் எவரும் அதனைத் தமதென்று கொள்ளலாம். உடன்தொழிலாளர்க்கு அவர் அதனைப் படித்துக் காட்டியபோது சிலர் கண்ணீர் உகுத்தனர்.

எனினும், 1920இல் இலண்டனில் வெளியான தொகுதியில் இப்பாடல் இடம்பெறவில்லை. அச்சத்தால் நேர்ந்த குறையிதுவென இதழாசிரியர் ஃபிராங்க் ஹாரிஸ் கடிந்துகொண்டார். அக்கண்டனம் கவிஞரின் நெஞ்சைச் சுட்டது. 1922இல் வெளிவந்த ‘ஹார்லெம் ஷடோஸ்’ என்னும் தொகுதியில் பாடலைச் சேர்த்துக் குறை தீர்த்தார்.

பின்னர் நாவல்களும் எழுதிய மக்கே, 1948இல், ஒருகாற் குருதியில் நனைந்த அதே சிக்காகோவிற் காலமானார். மாண்டாரை மீட்கும் ஆற்றல் கவிதைக்கு இல்லை. இருப்போரைத் தலைநிமிரச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதற்கு அப்பதினான்கு அடிகளே சான்று.