அருணாசலக் குகையில் ஒரு பிரெஞ்சுத் துறவி

திருவண்ணாமலைக்கு கிரிவலம் போயிருப்பீங்க. பௌர்ணமி ராத்திரியில் 14 கிலோமீட்டர் நடந்து, விடியும்போது கால் கெஞ்ச கெஞ்ச பஸ் பிடித்துத் திரும்பியிருப்பீங்க. அந்த வழியில் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் வரும். மயில்கள், குரங்குகள், பழைய ஹாலில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், வெளியே டீக்கடையில் தமிழ் பேசிப் பழகும் வெளிநாட்டுக்காரர்கள். அந்தப் பகுதியில் வெள்ளைக்காரர் ஒருவர் காவி கட்டி நடந்து போனால் யாரும் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க.

ஆனால் 1949-ல் அப்படி இல்லை. அந்த வருஷம் ஜனவரி மாதம் ஒரு கத்தோலிக்க குருவானவர் அந்த வாசலுக்கு வந்தார். பிரான்சிலிருந்து வந்து அஞ்சு மாசம்தான் ஆகியிருந்தது. பெயர் ஆன்ரி லெ சோ. பிற்காலத்தில் உலகம் அவரை சுவாமி அபிஷிக்தானந்தா என்று அறிந்தது. இந்த மலை அவருக்குக் கொடுத்ததும் அதிகம், அவரைப் படுத்திய பாடும் அதிகம். அந்தக் கதையைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப் போறோம்.

பதினாலு வருஷக் காத்திருப்பு

1910 ஆகஸ்ட் 30. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் சேன் பிரியாக் என்ற சிற்றூர். பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் ஆன்ரி. 1929-ல், நம்மில் பலர் செகண்ட் இயர் படிக்கிற வயதில், கெர்கொனான் என்ற ஊரிலிருந்த பெனடிக்டின் மடத்தில் சேர்ந்தார். 1935-ல் குருவானவராக அபிஷேகம் பெற்றார்.

பெனடிக்டின் துறவிகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அவர்கள் எடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்று, சேர்ந்த மடத்திலேயே சாகும் வரை நிலைத்திருப்பது. மடம்தான் குடும்பம், அதுதான் ஊர், கல்லறையும் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு 1934 வாக்கிலேயே அவருக்கு இந்தியாவுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் கட்டவோ ஆட்களை மதம் மாற்றவோ அல்ல. இந்தியத் துறவிகள் வாழ்கிற மாதிரி, அதே எளிமையில், கிறிஸ்துவைத் தியானித்து வாழ வேண்டும் என்பதே அந்த எண்ணம்.

நினைத்ததும் கிளம்ப முடியவில்லை. மேலிடத்தின் அனுமதி வேண்டும், இந்தியாவில் ஏற்றுக்கொள்ள ஒரு ஆயர் வேண்டும். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். 1940-ல் அவருடைய படைப்பிரிவு ஜெர்மானியரிடம் சிக்கியபோது எப்படியோ தப்பித்து வந்தார். 1944-ல் அம்மா இறந்துபோனார். 1947-ல் திருச்சிராப்பள்ளி ஆயர் மெண்டோன்சாவுக்கு ஒரு கடிதம் போட்டார். பதில் எழுதியவர், அந்த மறைமாவட்டத்தில் 1939 முதல் கிராமங்களில் பணியாற்றி வந்த ஜூல் மோன்ஷானின் என்ற பிரெஞ்சு குருவானவர். ஆச்சரியம் என்னன்னா, மோன்ஷானினும் வருஷக்கணக்காக அதே கனவோடுதான் இருந்தார்.

1948 ஆகஸ்டில் கொழும்பு வழியாக வந்து குளித்தலையில் இறங்கினார் லெ சோ. அப்போது 38 வயது நிறையப் போகிற நேரம். அதற்குப் பிறகு அவர் சாகும் வரை ஒருமுறைகூட பிரான்சுக்குத் திரும்பவில்லை. 1960-ல் இந்தியக் குடியுரிமையே வாங்கிவிட்டார்.

மலை பிடித்துக்கொண்டது

இங்கே வந்து தமிழ் கற்றார், தரையில் படுத்தார், கையால் சாப்பிடப் பழகினார். அடுத்த ஜனவரியில் மோன்ஷானின் அவரை ரமணாசிரமத்துக்கு அழைத்துப் போனார்.

முதல் சந்திப்பு சினிமாவில் வருவது போல எதுவும் இல்லை. ரமணரைப் பார்த்ததும் ஏதாவது பெரிதாக நடக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு ஏமாற்றம்தான் மிச்சம். அமைதியாக, வீட்டுத் தாத்தா மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மனசைத் தொட்டது என்று பார்த்தால் காலையும் மாலையும் நடந்த வேத பாராயணம். ஆசிரமத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர், நீங்கள் தலை நிறைய சுமையோடு வந்திருக்கிறீர்கள், அதை இறக்கி வைத்துவிட்டுப் பாருங்கள் என்ற பொருளில் சொன்னாராம். அன்றிரவே லெ சோவுக்குக் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலில், கனவிலும் அரைத்தூக்கத்திலும், பகலில் மூளை தடுத்து வைத்திருந்த ஏதோ ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது.

ஆகஸ்டில் தனியாக மறுபடி வந்தார். அப்போது ரமணரின் கையில் புற்றுநோய்; அறுவைசிகிச்சைகள் நடந்துகொண்டிருந்த நேரம். கூட்டத்தில் ஒருவராக அமர்ந்து பார்த்துவிட்டுப் போனார். 1950 ஏப்ரல் 14-ல் ரமணர் மறைந்தார். மீண்டும் போய் நிறைய நாள் தங்கணும் என்று போட்ட திட்டம் அப்படியே நின்றுபோனது.

ஆனால் மலை இருந்ததே! 1952-லிருந்து சில வருஷங்கள், நேரம் கிடைத்தபோதெல்லாம் திருவண்ணாமலைக்கு வந்து அருணாசலத்தின் குகைகளில் தங்கினார். 1896-ல் பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்த ரமணர் விரூபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாரே, அதே மலைதான். கீழே கோயில் மணி, மேலே பாறையும் வெயிலும். வாரக்கணக்கில் மௌனம். நான் யார் என்ற விசாரணையை அவர் புத்தகமாகப் படிக்கவில்லை, அதற்குள்ளேயே உட்கார்ந்தார்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு வீடு, ஒரு மனசு

நீங்கள் அவர் இடத்தில் இருந்து யோசிச்சுப் பாருங்க. சின்ன வயசிலிருந்து கிறிஸ்துவை உயிராக நேசித்த மனிதர். இரட்சிப்பு திருச்சபை வழியாகத்தான் என்று கற்றவர், கற்பித்தவர். 1950-களின் கத்தோலிக்கத் திருச்சபையில் பிற சமயங்களைப் பற்றித் தாராளமாகப் பேச இடம் குறைவு. அப்படிப்பட்டவருக்குக் குகையில் கிடைத்த அனுபவம், தான் என்பதே கரைந்துபோகிற அத்வைத அனுபவம். அது பொய் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கிறிஸ்துவை விடவும் முடியவில்லை. தான் நேசித்தவரையே காட்டிக்கொடுக்கிறோமோ என்ற பயம் ஒரு பக்கம். கண்ட உண்மைக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற பயம் மறுபக்கம். தூக்கம் கெட்டது. அவருடைய நாட்குறிப்பு இந்த வேதனையைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது.

வெளியேறச் சுலபமான வாசல்கள் இரண்டு இருந்தன. ஒன்று, குருத்துவ அங்கியைக் கழற்றிவிட்டு முழுமையாக இந்துத் துறவியாவது. அவரை ஏற்றுக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். இன்னொன்று, மலையை மறந்துவிட்டு கெர்கொனான் மடத்துக்குத் திரும்பி, முன்பு போல நிம்மதியாக ஜெபம் செய்வது. எதில் நுழைந்திருந்தாலும் வேதனை குறைந்திருக்கும். அவர் இரண்டிலும் நுழையவில்லை.

இதற்கு அவர் கொடுத்த விலையைப் பாருங்க. 1950 மார்ச் 21 அன்று, காவி உடுத்தி, குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் மோன்ஷானினோடு சேர்ந்து ஒரு ஆசிரமம் தொடங்கியிருந்தார். அதைத்தான் நாம் சாந்திவனம் என்கிறோம். இந்திய முறையில் ஒரு கிறிஸ்தவத் துறவுக் குடும்பம் உருவாகும் என்பது கனவு. வந்து நிலைத்தவர் யாருமில்லை. வருஷங்கள் போக இருவருக்கும் நடுவிலும் இடைவெளி விழுந்தது. மோன்ஷானினுக்கு அத்வைதத்தைப் பற்றிக் கடைசி வரை தயக்கம் இருந்தது. லெ சோ போகிற வேகம் அவரைக் கவலைப்படுத்தியது. 1957-ல் சிகிச்சைக்குப் போன மோன்ஷானின் பாரிசிலேயே இறந்துபோனார்.

குகையில் பிறந்த எண்ணங்களை குகாந்தரா என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தார் லெ சோ. பாரிசில் திருச்சபைத் தணிக்கையாளர் அதை வெளியிட அனுமதி மறுத்தார். உள்ளத்தின் ஆழத்திலிருந்து எழுதியது தன் சொந்த வீட்டிலேயே தவறு என்று திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? அவர் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. எழுதினதை நெருப்பிலும் போடவில்லை.

தேடலையும் நிறுத்தவில்லை. 1955 டிசம்பரில் திருக்கோவிலூரில் சுவாமி ஞானானந்த கிரியைச் சந்தித்தார். திருவண்ணாமலையிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அவரைத் தன் குருவாகவே ஏற்றார். ஒரு கத்தோலிக்க குருவானவர் இந்து சந்நியாசியின் காலடியில் உட்கார்வது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. 1956-ல் கும்பகோணத்தில் ஒரு மௌன மந்திரில், ஒரு மாதத்துக்கு மேல் யார் முகமும் பார்க்காமல் அறைக்குள் இருந்தார். அத்தனைக்கும் நடுவில் திருப்பலியை அவர் கைவிடவில்லை. 1964-ல் ரைமோன் பணிக்கரோடு கங்கோத்ரிக்கு யாத்திரை போனபோதும், கங்கை பிறக்கும் இடத்தில் திருப்பலி நிறைவேற்றினார்.

இரண்டு பக்கமும் திட்டு

இப்படி வாழ்கிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும்னு நினைக்காதீங்க. கிறிஸ்தவர்கள் பலர் அவர் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்றார்கள். இந்துக்களில் சிலருக்கு, காவிக்குள் ஒளிந்த மிஷனரியோ என்ற சந்தேகம். கத்தோலிக்க ஆசிரமங்களைக் கடுமையாக விமர்சித்துப் பிற்காலத்தில் தனிப் புத்தகமே வந்தது. இரண்டு பக்கத்துக் கேள்வியிலும் நியாயம் உண்டு. காவி வெறும் துணியல்ல. ஒரு மரபின் அடையாளம். அதை வேறொரு மரபுக்காரர் அணியும்போது எதற்காக என்று கேட்கத்தான் செய்வார்கள். 1606-ல் மதுரைக்கு வந்து சந்நியாசிக் கோலம் பூண்ட ராபர்ட் தெ நொபிலியைச் சுற்றியும் இதே சண்டைதான் நடந்தது. அது ரோம் வரை போய் 1623-ல்தான் தீர்ப்பு வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். நொபிலி கற்பிக்க வந்தார். அபிஷிக்தானந்தரும் ஏதோ கொடுக்கலாம் என்றுதான் வந்தார். ஆனால் வாங்குகிறவராக மாறிப்போனார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக இருப்பதைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்றது அது. பதினைந்து வருஷமாகத் தனியாகச் சுமந்த ஒருவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனாலும் உள்ளே இருந்த முடிச்சை அந்த அறிக்கை அவிழ்க்கவில்லை. கடைசியில் அவர் வந்து நின்ற நிலை இதுதான்: இரண்டையும் அறிவால் பொருத்திப் பார்க்கும் முயற்சியை விட்டுவிடுவது, இரண்டுக்கும் உண்மையாக இருப்பது, விடியும் வரை அந்த இழுபறியைத் தாங்குவது.

சிவில் படிக்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கேபிள் பாலத்தில் கேபிள் இரண்டு முனையிலும் இழுபட்டுக்கிட்டே இருக்கு. வலிக்குதேன்னு ஒரு முனையை அவிழ்த்துவிட்டா கேபிளுக்கு நிம்மதி, பாலம் ஆத்துல.

ரிஷிகேஷ் கடைவீதி

1968-ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியிடம் ஒப்படைத்துவிட்டு, உத்தரகாசியில் கங்கைக் கரையில் இருந்த தன் சின்னக் குடிலுக்கே போய்விட்டார். ஆள் சேராத அதே சாந்திவனம் அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க அறியப்பட்ட இடமாக வளர்ந்தது. நட்டவர் ஒருவர், நிழலில் உட்கார்ந்தவர்கள் வேறு.

1973 ஜூலை 14. ரிஷிகேஷ் கடைவீதியில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மாரடைப்பு. தெருவோரத்தில் விழுந்து கிடந்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது அஞ்சு மாசம்கூட இல்லை. ஆனால் அந்த மாதங்களில் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் பழைய வேதனை இல்லை. தெருவோரத்தில் கிடந்த அந்த நேரத்தில், வாழ்வும் சாவும் தாண்டிய ஒன்றுக்கு விழித்துக்கொண்டதாகவும், வாழ்நாளெல்லாம் தேடியது கிடைத்துவிட்டதாகவும் எழுதினார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் இறந்தார். வயது 63. கத்தோலிக்க குருவானவராகவும் சந்நியாசியாகவும் இறந்தார். எதையும் துறந்து இன்னொன்றைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை.

இது நமக்கு எதுக்கு?

நீங்க கிறிஸ்தவரா இருக்கலாம், இந்துவா, இஸ்லாமியரா, கடவுளே இல்லைன்னு சொல்றவரா இருக்கலாம். அபிஷிக்தானந்தரோட முடிவுகளை ஏத்துக்கணும்னு அவசியம் இல்லை. அவருடைய திருச்சபையிலேயே இன்னும் விவாதம் முடியலை. ஆனா அவர் கஷ்டப்பட்ட விதத்தைக் கவனிங்க.

நேர்மையா இருந்தா நல்லது நடக்கும்னுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்காங்க. அவர் வாழ்க்கை வேறொன்றைச் சொல்லுது. நேர்மையா இருந்ததாலதான் அவருக்குத் தூக்கம் போச்சு, நண்பரோடு இடைவெளி வந்தது, எழுதினது திரும்பி வந்தது. வீட்டில் வளர்த்த நம்பிக்கை ஒன்று, வெளியில் வந்து நீங்களே கண்டுகொண்ட உண்மை ஒன்று. இரண்டும் மோதும்போது ஒன்றைப் பொய்னு சொல்லித் தப்பிக்கத்தான் நமக்கும் தோணும். அப்படித் தப்பிக்காமல் 25 வருஷம் இருந்த ஒருத்தர் உண்டு என்பதாவது நமக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.

அடுத்த பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போனா, ரமணாசிரமத்துப் பின்வாசல் வழியா ஸ்கந்தாசிரமம் ஏறுகிற பாதையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்க. பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தா கோபுரங்களும் ஊரும் தெரியும். பிரிட்டனிக் கடற்கரையில் பிறந்த ஒருத்தர், ஊர் திரும்பாமலே இந்தக் காட்சியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். செல்போனை ஆஃப் பண்ணிட்டு ஒரு பத்து நிமிஷம் நீங்களும் உட்காருங்க.