சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) காவிரிப் படுகையிலுள்ள கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாட்டிலும் முடிவிலாத் தொடர்களிலும் ஆயிரக்கணக்கான முடிவுகளைக் கண்டவர். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றை அடைந்த வழியை அவர் எழுதி வைக்கவில்லை.

இளமை

இராமானுசன் ஈரோட்டில் பிறந்தார். தந்தை கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். குடும்பம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வாழ்ந்தது. பள்ளி நாட்களில் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்நூல் தேற்றங்களை மிகச் சுருங்கிய நிறுவலுடன் தந்தது. 1904 இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்து, பிற பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். தாள் வாங்க வசதியின்றிக் கற்பலகையில் கணித்தார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதியபின் பலகையை அழித்துவிடுவார்.

இங்கிலாந்தில்

1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 சனவரியில் கேம்பிரிட்ச் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். 1914 இல் இங்கிலாந்து சென்றார். 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

தவறுகளும் திருத்தமும்

பகா எண்களின் எண்ணிக்கைக்கு அவர் தந்த வாய்பாட்டின் பிழை, அவர் எண்ணியதைவிட மிகப் பெரியது. சீட்டா சார்பின் சிக்கலெண் சுழிகளை அவர் கருத்திற்கொள்ளாததே காரணம்.

1915 இல் வெளியான கட்டுரையில், தன்னிற் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளை உடைய எண்களை அட்டவணைப்படுத்தினார். அதில் 5040 வகுத்திகளை உடைய 293318625600 என்னும் எண் விடுபட்டிருந்தது. வழிமுறை கட்டுரையிலேயே இருந்ததால், பின்வந்தோர் அதைக் கொண்டே அட்டவணையைச் சரிபார்க்க இயன்றது.

குறிப்பேடுகளில் அவ்வசதி இல்லை. கணினி நிரலில் வழு காண்போர் நிரல் சென்ற தடத்தைப் பதிவு செய்து படிப்படியாகப் பார்ப்பர். இங்கோ தடமே இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் வழியைப் புதிதாகக் காண வேண்டியிருந்தது. வாட்சன், வில்சன் ஆகியோர் தொடங்கிய இப்பணியை அமெரிக்கக் கணிதவியலாளர் புரூசு பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை 5 தொகுதிகளாக வெளியிட்டு முடித்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளில் தவறானவை மிகச் சிலவே.

மறைவு

நோயுற்று 1919 இல் தாயகம் திரும்பிய இராமானுசன், அடுத்த ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் தமது 32 ஆம் அகவையில் காலமானார்.