பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கால் வைக்காத பல்கலைக்கழக மாணவர் நம்மில் இருக்க முடியாது. தீபாவளித் துணிமணிக்கோ, வாழையிலைச் சாப்பாட்டுக்கோ ஒரு முறையாவது அங்கே போயிருப்போம். அந்தச் சாலையின் பெயர் துன் சம்பந்தன் சாலை. முதலாம் ஆண்டில் அந்தப் பெயர்ப்பலகையை நான் பல முறை கடந்திருக்கிறேன். யார் அவர் என்று ஒரு முறைகூட நின்று யோசித்ததில்லை. பழைய அமைச்சர், ம.இ.கா. தலைவர்... வரலாற்றுப் பாடநூலில் ஓரிரு வரி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தவணை விடுமுறையில் கெடாவுக்குத் திரும்பினேன். பேச்சுவாக்கில் அந்தச் சாலையின் பெயரைச் சொன்னேன். பாட்டி எழுந்து உள்ளே போனார். பழைய ரொட்டி டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டையின் நகல், தாத்தாவின் மரணச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு அடியில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் மங்கிப்போன ரசீதுகள். எல்லாம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் ரசீதுகள்! பாட்டிக்கு அது சம்பந்தன் ஐயா சங்கம். இன்றுவரை அவர் வாயில் வேறு பெயர் வந்ததில்லை.

அந்த ரசீதுகள்தாம் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

தோட்டக்காரரின் மகன்

துன் வீ. தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி 1896இல் தமிழகத்திலிருந்து மலாயா வந்தவர். உழைத்து முன்னேறி ரப்பர் தோட்டங்களுக்கு உரிமையாளரானவர். ஆகவே சம்பந்தன் லயத்தில் பிறந்த பிள்ளை அல்லர். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை. கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியில் படித்தார். பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு. இந்தியச் சுதந்திரப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. காந்தியக் கொள்கை அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

நாடு திரும்பியவர் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி அமையப் பாடுபட்டார். 1954இல் அந்தப் பள்ளியைத் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். அதுதான் மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு அவர் வாழ்க்கையில் முதலில் பிடித்த செய்தி இதுதான். பதவிக்கு முன்னே பள்ளி வந்திருக்கிறது!

1955இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். 1973 வரை, பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தபால், தந்தித் தொடர்பு, தேசிய ஒற்றுமை எனப் பல துறைகளில் அமைச்சராக விளங்கினார். இவற்றைப் பாடநூல்களே சொல்லும். பாடநூல் சொல்லாததைத்தான் பாட்டியின் டின் சொன்னது.

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

நாடு சுதந்திரம் பெறுவதற்குச் சற்று முன்னும் பின்னும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்கிறோம். இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு ஒரு சான்று போதும். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து தனி நூலே வெளியிட்டார்.

நிலம் துண்டானால் என்ன என்று நாம் கேட்கலாம். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவருக்கு லயம் எதற்கு? தோட்டத்து மருத்துவமனை எதற்கு? பிள்ளைக் காப்பகம் எதற்கு? தமிழ்ப்பள்ளிதான் எதற்கு? அவர் குத்தகைக்கு ஆள் பிடித்து மரம் சீவிக்கொள்வார். மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவன் வேலையை இழக்கும் அன்றே வீட்டையும் இழப்பான். மாரியம்மன் கோயிலும் பள்ளிக்கூடமும் ஆளின்றிப் போகும்.

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. தாத்தாவின் அண்ணன், எங்கள் பெரிய தாத்தா, வேலை செய்த தோட்டம் துண்டாடப்பட்டது. சட்டிபானைகளையும் சாமி படத்தையும் லோரியில் ஏற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்கு வெளியே ஒரு புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். அவர் பிள்ளைகளில் இருவர் பள்ளிப்படிப்பை அத்தோடு நிறுத்தினர். பாட்டி இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்து போகும்.

மூன்று நாள் கூலி

முதலாளி விற்கிறான் என்றால் தொழிலாளியே வாங்கினால் என்ன? இந்த எளிய கேள்விக்கு விடையாக 1960இல் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் சிறு தவணைகளில் பணம் கட்டிப் பங்கு வாங்குவார்கள். சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டத்தை வாங்கும். அங்கே வேலை செய்பவர்கள் வேலையை இழக்காமல், அதன் உரிமையிலும் பங்கு பெறுவார்கள்.

கேட்பதற்கு எளிது. நடத்துவது? பாட்டியின் நினைவில் அன்று ஒரு நாள் கூலி மூன்று வெள்ளி சொச்சம். மாதம் கட்டியது பத்து வெள்ளி. அப்படியானால் மூன்று நாள் இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் சுமந்த காசு! மளிகைக் கடைக் கணக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வாசலில் நிற்கும்போது, கண்ணால் காணாத நிலத்துக்குப் பணம் கட்டு என்றால் யார் கட்டுவார்? சீட்டுப் பிடித்தவன் ஓடிப்போன கதைகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

இந்த அவநம்பிக்கையை உடைப்பதுதான் சம்பந்தனின் உண்மையான வேலையாக இருந்தது. அமைச்சராக இருந்தபடியே அவர் தோட்டம் தோட்டமாகச் சென்றார். தொழிலாளர்கள் முன் நின்று திட்டத்தை விளக்கி உறுப்பினராகும்படி கேட்டுக்கொண்டார். அவருக்குத் தோள்கொடுத்து நின்றவர் கே. ஆர். சோமசுந்தரம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம்! அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன.

ஆனால் பாட்டி புக்கிட் சீடிமில் வேலை செய்தவர் இல்லை. அவர் இருந்த தோட்டத்தைச் சங்கம் வாங்கவும் இல்லை. அப்படியானால் அவர் கட்டிய பணம் எங்கே போனது? முகம் தெரியாத வேறொரு பால்மரத் தொழிலாளியின் வீடு காலியாகாமல் இருக்கப் போனது. அது வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். பாட்டிக்கு என் கேள்வியே புரியவில்லை. கட்டியது தர்மக்காசு இல்லை, தன் பங்கு. அந்தத் தோட்டத்தில் தனக்கும் ஒரு மரமாவது இருக்கும் என்பது அவர் கணக்கு. பிச்சை போடுபவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்று கூட்டுறவில் கிடையாது. ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டுத்தான். நாலெழுத்துப் படிக்காத பாட்டி இதைப் புரிந்து வைத்திருந்தார். பட்டப்படிப்பு படிக்கும் எனக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

காக்க முடிந்ததும் முடியாததும்

ஒருவரைப் புகழ்வதற்காக உண்மையை மறைக்கக்கூடாது. துண்டாடலைச் சங்கத்தால் முழுதாக நிறுத்த முடியவில்லை. வாங்கிய தோட்டங்களைவிடக் கைநழுவிய தோட்டங்களே அதிகம். எங்கள் பெரிய தாத்தா உறுப்பினராகவில்லை. ஆகியிருந்தாலும் அவர் தோட்டம் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாத தொழிலாளர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அந்தக் கண்ணீருக்குக் கூட்டுறவில் மருந்து இல்லை. சம்பந்தன் அப்போது அமைச்சரவையில் இருந்தவர் என்பதால் அந்தக் கேள்வி அவரையும் விட்டு விலகாது.

கட்சிக்குள் நெருக்கடி முற்றி 1973இல் தலைமைப் பதவியை விட்டு விலகினார். அரசியலிலிருந்து ஒதுங்கிய பிறகும் கூட்டுறவுச் சங்கத்தை அவர் கைவிடவில்லை. தந்தை சேர்த்து வைத்த செல்வத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்து போயிருந்தது. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார். அரசியலுக்கு வந்து சொத்து சேர்த்தவர்களை நாம் அறிவோம். சொத்தோடு வந்து அதைக் கரைத்தவர் எத்தனை பேர்?

வேர் எங்கே இருக்கிறது?

இன்று சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரோடு நிற்கிறது. நம் கழகத்தவர் பலர் இலக்கிய நிகழ்ச்சிகளுக்காகப் போய்வரும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் அதில்தான் இருக்கிறது. தமிழ் நூல்களுக்குப் பரிசளித்து ஊக்கமூட்டும் டான்ஸ்ரீ கே. ஆர். சோமா மொழி, இலக்கிய அறவாரியமும் இந்தச் சங்கத்தின் நிழலில் முளைத்ததே. உறுப்பினர் பிள்ளைகளின் உயர்கல்விக்கும் சங்கம் உதவி வருகிறது. அறவாரியம் என்றதும் யாரோ ஒரு செல்வந்தர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த மரத்தின் வேர் மூன்று நாள் கூலியில் இருக்கிறது.

அன்பு நண்பர்களே, நம் கழகத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொன்னால் நமக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் கேட்கிறோம். நானும் கேட்டவன்தான்! முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்டுக் கடிதம் எழுதும்போது நன்கொடை என்றுதான் எழுதுகிறோம். இனிப் பங்கு என்று எழுதிப் பார்ப்போமா? நாம் கட்டும் காசில் நடக்கும் தன்முனைப்பு முகாமில் அடுத்த ஆண்டு உட்காரப் போகும் தோட்டத்து மாணவனை நமக்குத் தெரியாது. பாட்டிக்கும் புக்கிட் சீடிமில் யாரையும் தெரியாது.

விடுமுறை முடிந்து கிளம்பும்போது அந்த ரசீதுகளில் ஒன்றைக் கேட்டேன். பாட்டி தரவில்லை. பங்குச் சீட்டு வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். படம் எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார்.