நட்டாலத்து யோபு

மானாவாரி நிலத்தையும் நாலு மாடுகளையும் நம்பிப் பிழைக்கும் நம் ஆண்டிபட்டிப் பக்கத்து மக்களுக்கு, பயிர் கருகுவதும் கால்நடை மடிவதும் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை அல்ல. அத்தகைய நட்டத்தில்தான் வேதசாட்சி தேவசகாயத்தின் விசுவாச வாழ்வும் தொடங்கியது. அவரது மரணத்தைப் பலரும் அறிவர். அவரை ஆண்டவரிடம் கொண்டு சேர்த்த துயரத்தை அறிந்தோர் சிலரே. ஆகவே இந்த ஜூபிலி மலரில் அதையே சற்று விரித்துச் சொல்ல விழைகிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-ல் பிறந்தவர் நீலகண்டன். வசதியுள்ள குடும்பம், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் உத்தியோகம், பார்கவி என்னும் நல்ல மனைவி. குறையென்று ஏதுமில்லை. 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்றனர். அப்போது சிறைப்பட்ட டி லனாய் என்னும் கத்தோலிக்கர், பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளிக்கும் தளபதியானார். கோட்டை வேலையில் நீலகண்டனுக்கு அவர் நண்பரானார்.

அக்காலத்தில் நீலகண்டன் வீட்டில் இடிமேல் இடியாக நட்டங்கள் நேர்ந்தன. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது. தெய்வக் குற்றமோ என்று அவர் கலங்கினார். வாடிய முகத்தைக் கண்டு காரணம் கேட்ட டி லனாய், யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். மந்தைகளையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த அந்த நீதிமான், தான் செய்த குற்றம் என்னவென்று இறைவனையே கேட்டார். இறைவன் காரணம் சொல்லவில்லை; தம் படைப்பின் மாட்சியைக் காட்டினார். அதைக் கண்டு யோபு பணிந்தார். துன்பம் தண்டனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்ற அந்தச் செய்தி நீலகண்டனின் உள்ளத்தில் தைத்தது. அதைச் சொன்னவரோ, தோற்று, நாடிழந்து, அந்நிய மன்னருக்கு ஊழியம் செய்தவர். சொல்லத் தகுதியுள்ளவரே சொன்னார் என்பது என் எண்ணம்.

1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி சுவாமிகளிடம் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

துன்பம் அதோடு தீர்ந்ததா? இல்லை, அதன்பின்தான் பெருகியது. சாதி பாராமல் எல்லோருடனும் பழகியது அரண்மனையில் பலருக்குப் பொறுக்கவில்லை. 1749 பிப்ரவரி 23-ல் கைது செய்யப்பட்டார். எருக்க மாலை சூட்டி, எருமை மீதேற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அடித்துப் புண்ணான உடலில் மிளகாய்ப் பொடி தேய்த்தனர். பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டி வைத்திருந்தபோதும் மக்கள் அவரை நாடி வந்து ஆறுதல் பெற்றனர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து ஜெபித்தபோது பாறையில் நீர் சுரந்தது என்பது மக்கள் வழங்கும் மரபு.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. யோபுவுக்கு இழந்தவை இருமடங்காகத் திரும்பின. தேவசகாயத்துக்கு எதுவும் திரும்பவில்லை. விசுவாசத்தை விட்டுவிட்டால் பழைய பதவியும் வீடும் கிடைத்திருக்கும், அவர் விடவில்லை. யோபுவின் கதையைச் சொன்ன நண்பர் தளபதியாய் இருந்தும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஜெபித்துக்கொண்டே இருந்தார்.

1752 ஜனவரி 14 இரவு, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்று உடலைக் காட்டில் எறிந்தனர். சில நாட்களுக்குப் பின் எஞ்சியதைக் கண்டெடுத்த கிறிஸ்தவர்கள், கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளம் சென்று கைம்பெண்ணாய் வாழ்ந்து அங்கேயே கண்மூடினார். டி லனாய் 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார்.

2012-ல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15-ல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் தேவசகாயம் உயர்த்தப்பட்டார். கோட்டாற்றுக் கல்லறையில் இன்றும் மக்கள் மெழுகுதிரி ஏற்றி முழந்தாட்படியிடுகிறார்கள்.