மருந்து தந்த செல்வம், இசைக்குத் தந்த கொடை

நன்கொடை என்றவுடன் பசித்தோருக்கு உணவு, ஏழைப் பிள்ளைகளின் படிப்பு, ஆலயத் திருப்பணி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை என்றும் தேவையானவை. ஆனால் இசைக்கும் நூலுக்கும் கொடுப்பதும் அறமே என்று வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் தமிழகத்தில் இருந்தார். அவர்தான் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர்வடகரையில், 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோதே இசையிலும் ஈடுபாடு கொண்டார். சுருளி மலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் சித்த மருந்து முறைகளைக் கற்றார். பின் தஞ்சாவூரில் ஆசிரியராகப் பணியாற்றி, அப்பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். அவரது கோரோசனை மாத்திரை ஊரெங்கும் பெயர் பெற்றது. மூலிகை வளர்க்கப் பெரிய தோட்டம் அமைத்தார். செல்வமும் சேர்ந்தது.

அந்தச் செல்வத்தை அவர் தமக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1855-இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமான பின், கலைஞர்களைத் தாங்கிய அரசவை அங்கே இல்லாமல் போயிற்று. மன்னர் விட்ட இடத்தில் ஒரு மருத்துவர் தோள் கொடுத்தார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். இசை அறிஞர்களைத் தஞ்சைக்கு அழைத்து, தம் சொந்தச் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலும் தம் ஆய்வை எடுத்துரைத்தார்.

சிலப்பதிகாரம் முதலிய பழைய நூல்களை ஆராய்ந்து, இன்று நாம் கேட்கும் கர்நாடக இசையின் வேர் பழந்தமிழ் இசையே என்று நிறுவ முயன்றார். அந்த உழைப்பின் கனிதான் ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்'. அதைத் தமது அச்சகத்திலேயே 1917-இல் அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1919 ஆகஸ்டு 31 அன்று, மறைந்தார். தோட்டமும் மாத்திரையும் அவர் காலத்துக்குப் பயன்பட்டன. அவர் அச்சிட்ட நூலோ இன்றும் இசை ஆய்வாளர்களுக்குத் துணை நிற்கிறது.

சுங்குவார்சத்திரத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கிப் பசியாற ஏற்படுத்தப்படும் தர்மத்தின் பெயர் அது. இன்று இங்கே தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்களும் இளம்பெண்களும் வேலைக்கு வந்து தங்குகின்றனர். அவர்கள் உடலுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தால் போதுமா? வேலை முடிந்த பின் வாசிக்க ஒரு நூலகம், கேட்க நல்ல இசை, பார்க்க ஒரு கூத்து வேண்டாமா? குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சமூகப் பணிக்கு இரண்டு விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். கலை, பண்பாடு, பொது நூலகம் ஆகியவையும் அப்பணிகளில் அடங்கும். ஆனால் பண்டிதரைக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை.

பசித்தவரை மறந்து கலைக்குக் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொடுக்கும் நூறு ரூபாயில் பத்து ரூபாயையாவது நூலகத்துக்கோ, அருங்காட்சியகத்துக்கோ, நலிந்த கலைஞருக்கோ கொடுக்கலாமே! வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பாடல் ஏட்டையும் நாடகப் பிரதியையும் எடைக்குப் போடாமல், ஒரு நல்ல நூலகத்தில் சேர்ப்பதும் கொடைதான். பண்டிதரைப்போல் நம்மால் பெரிதாகக் கொடுக்க இயலாதிருக்கலாம். அவரைப்போல் மனமுவந்து கொடுக்க நம் ஒவ்வொருவராலும் இயலும்.