உடையவரின் வடதிசை யாத்திரையும் வழித்துணையான ஆழ்வானும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க வரும் அன்பர்களுள் பலர் கால்நடையாகவே வருகின்றனர். கொப்புளம் கண்ட பாதங்களோடும் களைத்த முகத்தோடும் கோபுர வாசலில் அவர்கள் நிற்கும்போது, ஒருவர் மூட்டையை மற்றொருவர் சுமந்து வந்திருப்பதை அடியேன் கண்டிருக்கிறேன். அக்காட்சி, ஸ்ரீரங்கத்திலிருந்து காச்மீரம் வரை இரு மஹான்கள் நடந்து சென்ற யாத்திரையை நினைவூட்டும். அவர்கள் எம்பெருமானார் என்னும் ஸ்ரீராமாநுஜரும், கூரத்தாழ்வானும் ஆவர். குருபரம்பரை நூல்களைப் பின்பற்றி அவ்வரலாற்றைச் சுருக்கமாக இங்கு விண்ணப்பிக்கிறேன்.

ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக, 1017-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் ராமாநுஜர் அவதரித்தார். இளமையில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் கற்றார். குருவோடு கருத்து வேற்றுமை முற்றி, காசி யாத்திரை என்னும் பெயரால் அவருடைய உயிருக்கே கேடு சூழப்பட்டது. விந்தியக் காட்டில் அச்சதியை அறிவித்து அவரைத் தப்புவித்தவர், உடன் சென்ற சிற்றன்னை மகனாகிய கோவிந்தரே. பிற்காலத்தில் எம்பார் என்று போற்றப்பட்டவர் இவர். வடதிசை நோக்கிய முதல் நடையிலேயே நல்ல வழித்துணையின் பெருமையை ராமாநுஜர் உணர்ந்தார்.

பின்னர், ஆளவந்தாரைச் சேவிக்கும் ஆவலோடு பெரிய நம்பியுடன் காஞ்சியிலிருந்து திருவரங்கம் விரைந்தார். ஆனால் ஆளவந்தாரின் சரம திருமேனியையே சேவிக்க நேர்ந்தது. அத்திருக்கையில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத மூன்று மனோரதங்களின் அடையாளம் அது என்று உணர்ந்து, அவற்றை நிறைவேற்றுவதாக ராமாநுஜர் ஸங்கல்பம் செய்ய, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பிரஹ்ம ஸூத்ரங்களுக்கு விசிஷ்டாத்வைத நெறியில் பாஷ்யம் இயற்றுவது அம்மூன்றனுள் ஒன்று. வடதிசை யாத்திரைக்கு வித்திட்டது இந்த வாக்கே.

கூரத்தாழ்வான் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர். ராமாநுஜரைவிட ஏழாண்டு மூத்தவர் என்பர். ராமாநுஜர் ஸந்யாஸம் ஏற்றபோது முதலியாண்டான் த்ரிதண்டமாகவும், ஆழ்வான் அதில் கட்டிய பவித்ரமாகவும் எண்ணப்பெற்றனர். செல்வம் அனைத்தையும் துறந்து, தம் தேவியாகிய ஆண்டாளோடு திருவரங்கம் நோக்கி நடந்தபோது, காட்டு வழியில் அவ்வம்மையார் கள்வர் பயம் உண்டோ என்று கலங்கினார். மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ வழியில் பயம் என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்வதற்காக ஒரு பொன் வட்டிலை எடுத்து வந்ததை அம்மையார் கூறினார். ஆழ்வான் அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு நடந்தார். பறிகொடுக்கத்தக்க எதையும் சுமப்பதில்லை என்ற இந்த உறுதி பின்னொரு நாள் ஸம்ப்ரதாயத்தையே காத்தது.

பாஷ்யம் இயற்றுவதற்கு போதாயன மஹர்ஷியின் வ்ருத்தி க்ரந்தம் இன்றியமையாதது. அதன் பிரதி காச்மீரத்து சாரதா பீடத்தில் இருந்தது. திருவரங்கத்திலிருந்து அவ்விடம் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. மூப்பெய்தத் தொடங்கிய ஆசார்யரும் அவரினும் மூத்த சிஷ்யரும் அத்தனை தூரத்தையும் நடந்தே கடக்கத் துணிந்தனர்.

சாரதா பீடம் கிருஷ்ணகங்கை நதிக்கரையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்நதியின் நீர் பனி உருகி வருவது. வெயிற்காலத்திலும் கை வைத்தால் விறைக்கும். காவேரிக் கரையின் வெம்மையில் பழகிய திருமேனிக்கு அக்குளிர் எத்தகையதாயிருந்திருக்கும் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். யதிகளுக்குக் குளிரை முன்னிட்டு நியமங்களில் விலக்குக் கொள்ள மனம் இசையாது. விடியலில் நீராட்டம், திருமண்காப்பு, அநுஷ்டானம், திருவாராதனம் யாவும் முடிந்த பிறகே அன்றைய நடை. காஷாயமே போர்வை. ஆசார்யரின் ஈரக் காஷாயத்தை உலர்த்துவதும், அவர் அமர இடம் தேடுவதும், இரவில் திருவடிகளைப் பிடித்துவிடுவதும் ஆழ்வானின் கைங்கர்யங்கள்.

காச்மீரத்தில் ஓலைச்சுவடி இல்லை. பூர்ஜ மரப்பட்டையிலேயே நூல்களை எழுதுவர். அரசனின் ஆதரவால் வ்ருத்தி க்ரந்தம் உடையவரின் திருக்கைக்கு வந்தது. இருவரும் பேருவகையோடு தெற்கு நோக்கித் திரும்பினர். ஆனால் அவ்விடத்துப் பண்டிதர்கள் பொறாமையால் மனம் மாறினர். பல நாள் வழி கடந்த பின்னும் ஆள்கள் தொடர்ந்து வந்து அந்நூலைப் பறித்துச் சென்றனர்.

வழியிடையே வெறுங்கையராய் நின்ற உடையவரின் நிலையை யார் சொல்ல வல்லார்? ஆளவந்தாரின் திருமேனி முன் செய்த ஸங்கல்பம் என்னாவது? நடந்த தூரமெல்லாம் வீணோ? அவர் திருவுள்ளம் நொந்து நின்றபோது, ஆழ்வான் கைகூப்பி அருகில் வந்தார். ஒவ்வோர் இரவும் ஆசார்யர் கண்வளர்ந்த பின் விளக்கொளியில் அந்நூலை வாசித்து வந்ததாகவும், முழுவதும் தம் நெஞ்சில் நிலைத்துவிட்டதாகவும், திருவுள்ளமானால் அங்கேயே சொல்வதாகவும் பணிவோடு விண்ணப்பித்தார். உடையவர் அவரை ஆரத் தழுவிக்கொண்டார். பொன் வட்டிலை எறிந்தவரிடம் கள்வர் பறிப்பதற்கு என்ன இருந்தது?

அடியேன் பாடசாலையில் பயின்ற நாள்களில், ஆசிரியர் ஒரு முறை சொல்ல மாணவர் இரு முறை சொல்லும் சந்தை முறையிலேயே பாடம் நடந்தது. ஒரே அத்தியாயத்தை நெஞ்சில் நிறுத்தவே மாதங்கள் கழியும். பகலெல்லாம் நடந்து களைத்தவர், உறங்க வேண்டிய இரவுகளில் ஒரு பெருநூலை உள்ளத்தில் ஏற்றினார் என்பதை எண்ணும்போது மேதையைவிட அவருடைய பக்தியே பெரிதாகத் தோன்றுகிறது.

திருவரங்கத்தில் உடையவர் அருளிச்செய்ய, ஆழ்வான் எழுத, ஸ்ரீபாஷ்யம் உருவாயிற்று. சித்தாந்தத்திற்கு ஒவ்வாததாகத் தோன்றினால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசார்யரின் கட்டளை. ஜீவாத்ம ஸ்வரூபத்தைப் பற்றிய ஓரிடத்தில் ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். உடையவர் முதலில் சீறினார். பின்னர் சிந்தித்து, ஆழ்வான் நிறுத்தியதே சரி எனத் தெளிந்து திருத்தி அருளினார். போதாயன வ்ருத்தி இன்று எங்கும் கிடைப்பதில்லை. அதன் கருத்து ஸ்ரீபாஷ்யத்தின் வழியாகவே நமக்கு எஞ்சியிருக்கிறது.

பிற்காலத்தில் சோழ மன்னனால் இடர் வந்தபோது, ஆழ்வான் ஆசார்யரின் காஷாயத்தைத் தாம் உடுத்து அரசவைக்குச் சென்றார். வயோதிகரான பெரிய நம்பியும் உடன் சென்றார். இருவரும் கண்களை இழந்தனர். நம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார். ஆழ்வான் திருமாலிருஞ்சோலையில் தங்கி ஸுந்தரபாஹு ஸ்தவத்தை இயற்றினார். இரவெல்லாம் ஏடு படித்த கண்களை ஆசார்யரின் பொருட்டு இழந்தவருக்கு அதில் வருத்தமே இல்லை. மேல்நாடு சென்று திருநாராயணபுரத்தில் பல்லாண்டு எழுந்தருளியிருந்த உடையவர், திருவரங்கம் திரும்பி ஆழ்வானைக் கண்டதும் கண்ணீர் பெருக நின்றார். காஞ்சிப் பேரருளாளனிடம் கண்களை வேண்டும்படி அவர் நியமித்தார். ஆழ்வானோ, தமக்குத் தீங்கு நேரக் காரணமான நாலூரானும் நற்கதி பெற வேண்டும் என்றே வேண்டினார்.

உடையவருக்கு முன்பாகவே ஆழ்வான் பரமபதம் அடைய விரும்பி நம்பெருமாளிடம் விடை பெற்றார். முந்துவது ஏன் என்று உடையவர் தழுதழுத்தபோது, ஆசார்யர் அங்கு எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்கச் சிஷ்யன் முன்னதாகச் செல்வதே முறை என்று பதில் விண்ணப்பித்தார். அவ்வழியிலும் துணையாக இருக்கவே விழைந்தார் போலும். உடையவர் 120 திருநக்ஷத்ரங்கள் வாழ்ந்து 1137-இல் திருநாடு எழுந்தருளினார்.

சாரதா பீடம் இன்று எல்லைக்கு அப்பால் இடிபாடாக நிற்கிறது. 1947-க்குப் பின் நம் நாட்டு யாத்ரிகர்கள் வழக்கம்போல் அங்குச் செல்ல இயலாமற் போயிற்று. எல்லைக்கு இப்பால், அதே நதிக்கரையில் உள்ள தீத்வாலில் 2023 மார்ச் 22 அன்று சாரதா தேவிக்குப் புதிய ஆலயம் திறக்கப்பட்டது.

அன்பர்களே! உத்ஸவம் சேவித்து ஊர் திரும்புகையில் பிரஸாதமும் இம்மலரும் உங்கள் மூட்டையில் இருக்கும். வழியில் அவை தொலைந்தும் போகலாம். எம்பெருமானைச் சேவித்த நினைவை நெஞ்சில் ஏற்றிக்கொள்ளுங்கள். உடன் நடப்பவர் தளர்ந்தால் அவருக்குத் தோள் கொடுங்கள். உடையவரும் ஆழ்வானும் நடந்து காட்டிய நெறி இதுவே.

அடியேன் ராமாநுஜ தாஸன்.